இரண்டாம் பாகத்தில் இளவரசி திரும்பி வர வேண்டும்

ஜனவரி 19

அன்புள்ள தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். உண்மையில் இங்கே ஒருவரும் நலமாக இல்லை. உன் அண்ணிக்கு மூட்டுவலி. எனக்கு நீ.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் ஒன்று நீ பாதியில் வைத்துவிடுகிறாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை. கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

உன் மருமகள், அதாவது நான் பெற்ற பெண், போன மாதம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். உன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறதாம். வேலை கிடைத்தவள் அழுதுகொண்டா பெட்டி கட்டுவாள்? காரணம் எங்கள் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நெட்டை. நான் ஊசி போடும்போது மாட்டின் கொம்பையும் குதிரையின் மூக்கையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது அவன் உத்தியோகம். கதவு நிலையில் இடிக்காமல் அவன் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. அவனைத்தான் கட்டிக்கொள்வாளாம். எம்.எஸ்ஸி. படித்த பெண்.

நான் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. நிதானமாக நாலு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

அவள் போனபிறகு அவள் அறைக்குள் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உன் புத்தகம். 'வெண்சிறகு'. அட்டையில் கிரீடம் வைத்த ஒரு பெண், இறக்கை முளைத்த ஒரு குதிரை, சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாத ஒருவன். பின்பக்கம் திருப்பினால், 'காதலுக்காக அரண்மனையைத் துறந்து லாயக்காரனைக் கைப்பிடித்த இளவரசியின் கதை' என்று போட்டிருக்கிறது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஊரில் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். என் வீட்டுக்குள் வந்து குடியைக் கெடுக்க என் கூடப்பிறந்தவள்தான் எழுத வேண்டியிருந்தது.

அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. உங்கள் பக்கம் குளிர் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். உனக்காகத்தான் சொல்கிறேன், ராத்திரி சன்னலைச் சாத்திவிட்டுப் படு.

கோபம் ஆறாத,
அண்ணன்


பிப்ரவரி 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லமாட்டீர்கள், நானே அவருக்குத் தனியாக எழுதுகிறேன்.

இதை வேலைக்கு நடுவில் பல் ஆஸ்பத்திரி முன்மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே டாக்டர் ஒருவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்குகிறார். அந்த அலறலும் உங்கள் கடிதமும் ஒரே நேரத்தில் கிடைத்தன, நல்ல பொருத்தம்.

அண்ணா, உங்களுக்கு ஞாபகமறதி வந்துவிட்டதா, அல்லது வசதிக்கு மறக்கிறீர்களா? என் முதல் கதையில் பாம்புக்குக் காது வைத்து எழுதிவிட்டேன் என்று எட்டுப் பக்கம் திட்டி எழுதினீர்கள். அன்றிலிருந்து நான் எதை எழுதினாலும் மிருகம் வருகிற பக்கங்களை மட்டும் தனியாகத் தைத்து உங்களுக்கு அனுப்புகிறேன். 'வெண்சிறகு'க்கும் அனுப்பினேன். இறக்கை தோள்பட்டைக்குப் பின்னால் முளைக்கட்டும், கழுத்தில் முளைத்தால் குதிரை தலை தூக்க முடியாது என்று எழுதினீர்கள். பறந்து வந்ததும் உடனே தண்ணீர் காட்டாதே, வயிறு பிடித்துக்கொள்ளும் என்று எழுதினீர்கள். கடைசியில் சிவப்பு மையில் 'குதிரை சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டீர்கள். முன்னுரையில் உங்களுக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன். அவள் அறையில் இருந்தது உங்கள் பெயருக்கு நான் அனுப்பிய பிரதி.

அந்தப் பக்கங்களில் எல்லாம் அந்தக் குதிரையின்மேல் அவர்கள் இரண்டு பேரும்தான் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் குளம்பைப் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரியிலும் அதைத்தானே செய்திருக்கிறீர்கள்?

சன்னல் சாத்தியிருக்கிறது. வீட்டில் இரண்டு போர்வை இருக்கிறது. இரண்டும் இப்போது உபயோகத்தில் இருக்கின்றன.

அன்புடன், உங்கள் குடியைக் கெடுக்க நேரமில்லாத,
தங்கை


பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அங்கும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். போர்வை விஷயம் எழுதியிருந்தாய். சரி.

குற்றம் சாட்டுகிறவன் சாட்சியைப் படித்திருக்க வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உன் புத்தகத்தைப் படித்தேன். மனிதர் வருகிற பக்கங்களையும் சேர்த்து. உன் அண்ணி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாம் தடவை தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

உன்னிடம் நேராகவே கேட்கிறேன். இருபது வருஷம் லாயத்தில் கிடந்தவன் அவன். ஒரு இடத்திலாவது அவன்மேல் சாணி நாற்றம் அடிக்கிறதா? அவன் பக்கத்தில் வந்தால் இளவரசிக்கு முதல் மழை வாசம் வருகிறதாம். முப்பது வருஷமாக நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறேன், உன் அண்ணி வாசலிலேயே நிறுத்தி, "மொதல்ல குளிச்சிட்டு வாங்க"ன்னுதான் சொல்லுவா. ஒரு நாள்கூட மழை வாசம் வந்ததாகச் சொன்னதில்லை.

அடுப்பையே பார்த்திராத இளவரசி பதினேழாம் அத்தியாயத்தில் சமைக்கிறாள். அவன் சாப்பிடுகிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். யார் பாத்திரம் கழுவியது? அவனுக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியச் செலவுக்கு எங்கே போவாள்? நீ எழுதவில்லை. நீ எழுத மாட்டாய். அடுத்த பக்கத்தில் இருவரையும் குதிரையில் ஏற்றி நிலாவுக்கு அனுப்பிவிட்டாய்.

அந்த ராஜாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாலு இடத்தில் வருகிறான், நாலு இடத்திலும் மீசையை முறுக்கிக்கொண்டு கர்ஜிக்கிறான். பெற்றவன் ஒருவன் ஏன் கோபப்படுகிறான் என்று யோசித்துப் பார்க்க உனக்கு அரைப் பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் 'முதல் பாகம் முற்றிற்று' என்று போட்டிருக்கிறாய். ஆகவே இரண்டாம் பாகம் வரும். அதில் இளவரசி திரும்பி வர வேண்டும். கஷ்டப்பட்டு, புத்தி தெளிந்து, தகப்பன் சொன்னது சரி என்று உணர்ந்து வர வேண்டும். புத்தகம் கெடுத்ததைப் புத்தகமே சரிசெய்யட்டும். என் பேச்சை அவள் கேட்கமாட்டாள். உன் பேச்சைத்தான் கேட்பாள் என்று தெரிந்துவிட்டது.

எதிர்பார்ப்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உடனே பதில் எழுதாததற்குக் காரணம், பதிப்பாளர் ஒருபக்கம் பிடுங்குகிறார். லாயக்காரன் உண்மையில் தொலைந்துபோன இளவரசன் என்று வைத்துவிட்டால் இன்னும் நன்றாக விற்குமாம். அவன் லாயக்காரன்தான், அவன் அப்பாவும் லாயக்காரன்தான், வேண்டுமானால் தாத்தாவையும் லாயத்திலேயே கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்கு அவனைப் பிடிக்கவில்லை, பதிப்பாளருக்கு அவன் போதவில்லை. நடுவில் நான்.

இளவரசியைத் திருப்பிக் கூட்டி வரத்தானே வேண்டும்? கூட்டி வருகிறேன். எப்படி வர வேண்டும், வந்தால் என்ன நடக்க வேண்டும் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். பிறகு அதில் குறை, இதில் குறை என்று சொல்லக் கூடாது.

வீட்டில் ஒருவருக்கு ஒரு வாரமாகச் சளி. இப்போது தேவலை.

தங்கை


மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம் என்று சொல்ல முடியாது. என் வலது தொடை மாம்பழம் மாதிரி வீங்கியிருக்கிறது. நெட்டை வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான், எங்கே போனான் என்று எனக்கு என்ன வந்தது. அவனுக்குப் பதிலாக வந்த புதிய ஆள் கொம்பைப் பிடிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறான். காளை என்னை உதைத்த பிறகு கண்ணைத் திறந்து, "என்ன சார் ஆச்சு?" என்கிறான். நெட்டை பிடித்தால் மாடுதான் கண்ணை மூடும். அது வேறு விஷயம்.

சளியை அலட்சியமாக விடாதே. சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் கட்டிக்கொள்ளும் உடம்பு அது. ஐஸ் தண்ணீர் பக்கமே போக விடாதே. நான் இளவரசியைப் பற்றித்தான் சொல்கிறேன். இரண்டாம் பாகத்தில் இதையெல்லாம் நீ கவனித்து எழுத வேண்டும்.

அவள் எப்படி வர வேண்டும் என்று கேட்டிருந்தாய். மழைநாளாக இருக்கட்டும். இளைத்திருக்க வேண்டும். ரொம்ப இளைக்க வேண்டாம், பார்த்தால் தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும். நடந்து வர வேண்டாம், யாராவது ஒரு வண்டிக்காரன் பாதி தூரம் ஏற்றிக்கொண்டு வரட்டும். ராஜா உடனே இறங்கி வரக்கூடாது, அவனுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. மாடிச் சன்னலில் நின்று பார்க்கட்டும். கீழே கதவைத் திறந்துவிடுவார்கள். யாரும் அவளை ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. முதலில் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, தலையைத் துவட்டிவிடச் சொல். அவள் அறை அவள் விட்டுப்போனபடியே இருக்க வேண்டும். ஒரு சாமானையும் இடம் மாற்றியிருக்கக் கூடாது.

இங்கே மாற்றவில்லை.

சீக்கிரம் எழுது,
அண்ணன்


மார்ச் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். தொடை வீக்கம் வற்றியிருக்கும் என்று நம்புகிறேன். மாட்டுக்குக் கொடுக்கும் களிம்பைத்தானே போட்டுக்கொண்டீர்கள்? அண்ணி எழுதியிருந்தார்.

நீங்கள் கேட்டபடியே இளவரசியைக் கூட்டி வந்துவிட்டேன். மழை, வண்டி, மாடிச் சன்னல் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான் சேர்த்திருக்கிறேன், அவள் போனபோது ராஜா என்ன சொன்னான் என்பது. முதல் பாகத்தில் அவன் வெறுமனே கர்ஜித்தான், வார்த்தை இல்லை. பெற்றவனைப் பற்றி யோசிக்கவில்லை என்று குறை சொன்னீர்களே, அதனால் யோசித்தேன். முழு அத்தியாயமும் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. முக்கியமான இடத்தை இங்கே எழுதுகிறேன்.

'அந்த நாட்டில் அரசன் வாயிலிருந்து விழுந்த சொல் கல்லுக்கும் இரும்புக்கும் கேட்கும். "இனி இந்த மாளிகையின் படிகளில் உன் பாதம் படலாகாது, நான் மாண்டாலும்" என்று அவன் சொன்ன நாளில் கோட்டைக் கதவு அதைக் கேட்டுக்கொண்டது. இன்று அவள் வந்து நிற்கிறாள். காவலர்கள் ஓடிவந்து தாழைத் தூக்குகிறார்கள். தாழ் அசையவில்லை. பத்துப் பேர் தள்ளுகிறார்கள். கதவு அசையவில்லை. மேலே சன்னலில் அரசன் நிற்கிறான். கீழே மகள் நனைகிறாள். அவள் கதவைத் தட்டவில்லை. தகப்பன் சொல் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். வண்டிக்காரனிடம் திரும்பிப் போகலாம் என்றாள்.'

குதிரை இந்த அத்தியாயத்தில் இல்லை. ஆனாலும் முழுதாக அனுப்பியிருக்கிறேன். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் பாருங்கள்.

தங்கை


மார்ச் 31

தங்கைக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

என்ன அத்தியாயம் இது? திரும்பி வரச் சொன்னால் வாசல்வரை கூட்டிவந்து திருப்பி அனுப்பிவிட்டாயே. உனக்கு மனசாட்சி இருக்கிறதா? இவ்வளவு தூரம் வந்த பெண்ணுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த ராஜாவைச் சொல். மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிறானே, அவன் மனிதனா? நான்தான் சன்னலில் நிற்கச் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். கதவு திறக்கும் என்று நினைத்து நிற்கச் சொன்னேன். திறக்கவில்லை என்று தெரிந்தபிறகும் அங்கேயே நின்றால் எப்படி? இறங்கி வந்தால் கால் முறிந்துவிடுமா? படையிருக்கிறது, மந்திரியிருக்கிறான், மந்திரவாதியிருக்கிறான், பறக்கிற குதிரையே இருக்கிறது. ஒரு கதவுக்கு வழி தெரியவில்லையா அந்த மடையனுக்கு?

கோபத்தில் ஒரு மனிதன் ஆயிரம் சொல்வான். கோபத்தில் சொன்னதெல்லாம் சட்டமாகிவிடுமா? அதைப் போய் அந்தப் பெண்ணும் பெரிதாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள். ஒரு தட்டு தட்டியிருக்கலாம். 'அப்பா' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பெற்ற தகப்பன்மேல் அவ்வளவுகூட நம்பிக்கை இல்லையா அவளுக்கு?

எந்தத் தகப்பனும் இப்படி ஒரு வார்த்தை சொல்லமாட்டான். இந்த இடத்தை மாற்று.

அண்ணன்


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். இனிமேல் சுற்றிவளைத்து எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எந்தத் தகப்பனும் சொல்லமாட்டான் என்கிற அந்த வார்த்தையை நான் எழுதவில்லை, அண்ணா. மாளிகை என்று மாற்றியதும் பாதம் என்று மாற்றியதும் மட்டும்தான் என் வேலை. "போறதுன்னா போ. ஆனா இனிமே இந்த வீட்டுப் படியில உன் கால் படக்கூடாது. நான் செத்தாக்கூட." நிதானமாக நாலு வார்த்தை சொன்னேன் என்று எழுதினீர்களே, அந்த நாலு வார்த்தை இதுதான். அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அழாமல் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

டிசம்பரிலிருந்து அவள் என் முன்னறையில்தான் இருக்கிறாள். காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் பரீட்சைத் தாள். நெட்டை இந்த ஊர்ப் பால்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான். என் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கிறது, அதனால் தரையில் உட்கார்ந்துகொள்கிறான். அவன்மேல் சாணி நாற்றம் அடிக்கத்தான் செய்கிறது, நீங்கள் சொன்னது சரி. அவள் குளித்துவிட்டு வரச் சொல்கிறாள்.

ஒரு குரல் கொடுத்திருக்கலாம் என்கிறீர்கள். நானும் அவளிடம் அதையே கேட்டேன். "போய் நின்னா அப்பா என்ன பண்ணிடப்போறார்?"

"அத்தை, அப்பா சொன்னா சொன்னதுதான். நான் ஏழு வயசுல நாய்க்குட்டி கேட்டேன். நாய் கிடையாதுன்னார். ஊர் நாய்க்கெல்லாம் அவர்தான் டாக்டர், எங்க வீட்டுல இன்னிவரைக்கும் நாய் கிடையாது."

அந்தக் கதவை மூடியது மந்திரம் இல்லை, அண்ணா. நீங்கள் இருபத்தைந்து வருஷமாகப் பழக்கிய பழக்கம்.

இன்னொன்றும் கேளுங்கள். மூன்று மாதமாக என் புத்தகத்தைத் திட்டினீர்கள். அவள் அதைப் படிக்கவே இல்லை. அதை அவளே எழுதட்டும் என்று காகிதத்தைக் கொடுத்தேன், அவள் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். என் புத்தகத்தைக் கடைசிவரை படித்து, அதற்காகச் சண்டை போட்டது இந்தக் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான்.

ஏப்ரல் 28, காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மூன்று சாட்சி வேண்டும். நான் ஒருத்தி, எங்கள் பல் டாக்டர் ஒருவர். மூன்றாவதாக யார் என்று கேட்டால் அவள் பேச்சை மாற்றுகிறாள். எனக்கு எரிச்சலாக வருகிறது. அவள்மேலா உங்கள்மேலா என்று கேட்காதீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே வாய், ஒரே பிடிவாதம்.

ராஜா என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

தங்கை


(கூட இருந்த தாள்)

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? காளை உதைத்தது தெரியும். நின்றுகொண்டே வேலை பார்க்காதீர்கள்.

அத்தை புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. தூங்கிவிட்டேன். நான் இதை எழுதும்போது அத்தை பின்னால் நின்று பார்க்கிறார், அதனால் மறுபடி முயற்சி செய்கிறேன் என்றும் எழுதிக்கொள்கிறேன்.

அவரை எனக்கு எதனால் பிடித்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஒருநாள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். பசு ஒன்று கன்று போட முடியாமல் கிடந்தது. நீங்கள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தீர்கள், அவர் சாயங்காலம்வரை அதன் தலையை மடியில் வைத்து அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்து நீங்கள் கை கழுவப் போனீர்கள். அவர் பசுவுக்குத் தண்ணீர் வைத்தார். பிறகு வெயிலில் இருந்த உங்கள் சாப்பாட்டுப் பையை எடுத்து நிழலில் வைத்தார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார். "அப்பா திட்டுறதுல உங்களுக்குக் கோபம் வரலையா?"ன்னு கேட்டேன். "மாடு செத்துடுமோன்னு பயந்தா டாக்டர் திட்டுவாரு. பயமில்லாதப்ப திட்ட மாட்டாரு"ன்னு சொன்னார். உங்களைப் பற்றி அது எனக்கே அதுவரை தெரியாது.

நீங்கள் சொன்னதை நான் மீறமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்


ஏப்ரல் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீயும் என் பெண்ணும் சுகம்தானே? என்னைக் கேட்காதே.

உன் அண்ணன் உனக்குப் பதில் எழுதினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்த அன்று மாடிக்குப் போனவர் விளக்கு வைத்தபிறகுதான் இறங்கி வந்தார். மறுநாள் காலையில் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, "வீடு மாத்தறோம்" என்கிறார். நான் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அட்டைப்பெட்டி வந்து இறங்குகிறது.

இருபத்திரண்டு வருஷம் இருந்த வீடு. வாடகையும் ஏற்றவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை. "ஏன்?" என்றால், "காத்து வரலை" என்கிறார். இத்தனை வருஷம் வராத காற்றா இப்போது வரப்போகிறது? "புது வீடு எப்படி இருக்கு?" என்றால், "வீடு மாதிரி இருக்கு" என்கிறார். போய்ப் பார்த்தேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து. காலையிலிருந்து ஹாரன் சத்தம். நம் பீரோ உள்ளே போகாது, கட்டிலைக் கழற்றித்தான் போட வேண்டும். நான் வாயைத் திறந்து கேட்டேன், "பொண்ணு கல்யாணத்துக்கு வர்றீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல."

"இருபத்தஞ்சுக்குள்ள வீட்டை மாத்தணும், பேசாம பெட்டியக் கட்டு" என்கிறார். இதற்கு என்ன அர்த்தம்?

அவள் அறைச் சாமானை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அவரே ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிக் கட்டுகிறார். ஹேர்பின்னைக்கூட. எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நான் இருபத்தெட்டாம் தேதி அங்கே இருப்பேன், இதை அவளிடம் சொல்.

வலியோடும் வெறுப்போடும்,
அண்ணி


ஏப்ரல் 23

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். உன் அம்மா நலமில்லை. சாமான் கட்டி முழங்கால் வீங்கியிருக்கிறது, மூன்று நாளாக என்னோடு பேச்சும் இல்லை. அவளிடம் இன்னும் நான் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், அழுதால் சாமான் ஏறியிருக்காது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கி எனக்குப் பழக்கமில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இனிமேல் பழகவும் வராது. முயற்சி செய்து பார்த்தேன். உனக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். அன்றைக்கு நீ படியிறங்கிப் போனதிலிருந்து எனக்குச் சாப்பாடு சாப்பாடாக இறங்கவில்லை, அதை மட்டும் எழுத முடிகிறது.

'இந்த வீட்டுப் படியில்' என்றுதான் நான் சொன்னேன். பச்சைக் கேட் போட்ட அந்த வீடு. நேற்று அதைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். இனிமேல் அதன் படியில் நீயும் கால் வைக்க வேண்டாம், நானும் வைக்கப்போவதில்லை. சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். இப்போது வந்திருக்கிற வீட்டைப் பற்றி நான் அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

ராஜாவுக்கு என்ன வழி என்று உன் அத்தை கேட்டிருந்தாள். அது அவள் பாடு. அவனுக்கு இருப்பது ஒரே ஒரு அரண்மனை, பாவம். நான் வாடகைக்கு இருக்கிறவன்.

மூன்றாவது சாட்சிக்கு ஆள் தேட வேண்டாம். இருபத்தெட்டாம் தேதி பத்தரை மணிக்கு நானும் உன் அம்மாவும் அங்கே இருப்போம். அவனிடம் சொல், பதிவு அலுவலகத்துக் கதவு நிலை தாழ்வாக இருந்தாலும் இருக்கும், அன்றைக்காவது குனிந்து வரட்டும். நெற்றியில் வீக்கத்தோடு போட்டோவில் நிற்க வேண்டாம். மறுநாள் இரண்டு பேரும் எங்களோடு கிளம்பி வீட்டுக்கு வாருங்கள்.

வீடு சின்னதுதான். பஸ் சத்தம் இருக்கும். உன் அறை முன்பைவிடக் கொஞ்சம் குறுகல், ஆனால் மேசையும் அலமாரியும் இருந்தது போலவே வைத்திருக்கிறேன். வாசலில் படி கிடையாது. பார்த்துத்தான் பிடித்தேன். தெருவிலிருந்து நேராக உள்ளே வந்துவிடலாம். மழை பெய்தால் தண்ணீரும் அப்படித்தான் வரும் என்று உன் அம்மா சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

அப்பா